ஊர்க் குடிநீரும் அதைக் காக்கும் சிப்பந்தியும்

(கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சேலம், நாமக்கல் சமவெளியில் குடிநீர் ஒருகாலத்திலும் எளிதாகக் கிடைத்ததில்லை. மேற்கிலும் தெற்கிலும் காவேரி ஓடுகிறது. 1934-ம் வருஷத்தில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் நதியை விட்டு நாலைந்து மைல் உள்ளே வந்துவிட்டால் பூமிக்கு அடியில் கடும்பாறைதான். அந்தப் பாறையின் வெடிப்புகளிலே தேங்கும் நீரையே ஊர்கள் நம்பியிருந்தன. மழை பொய்த்த வருஷங்களில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் காதவழி நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்று பெரும்பாலான கிராமங்களில் மேல்நிலைத் தொட்டி உண்டு. தெருவிலும் வீட்டிலும் குழாய் உண்டு. ஆயினும் அந்தத் தொட்டியும் குழாயும் மோட்டாரும் வயதாகிவருகின்றன. மனிதனுக்கு மூப்பு வருவதைப்போல இரும்புக்கும் சிமெண்டுக்கும் மூப்பு வருகிறது. மூப்படைந்த யந்திரத்தை நடத்துவதற்குப் புதிய யந்திரத்தை நடத்துவதைவிட அதிக அறிவு வேண்டும். அந்த அறிவை ஊர்த் தண்ணீர்ச் சிப்பந்திக்கு யார் கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கவேண்டும், அதில் சங்க அங்கத்தினருக்குள்ள பொறுப்பு யாது என்பனவே இந்தப் பிரசங்கத்தின் விஷயங்கள்.

கிணற்றிலிருந்து குழாய்க்கு

முற்காலத்தில் ஊர்ப் பொதுக் கிணறுகளில் பல படிக்கிணறுகளாக இருந்தன. ஜனங்கள் படியிறங்கி, காலை நீரில் நனைத்துக் குடம் மொண்டார்கள். அதனால் நரம்புச் சிலந்தி என்னும் நோய் பரவிற்று. காலிலிருந்து நூல்போல் புழு வெளிவரும் அந்த நோய், படிகளை அடைத்ததாலும், குடிநீரை வடிகட்டியதாலும், பத்திரமான கிணறுகளை வெட்டியதாலும் ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1996-ம் வருஷத்தில். 2000-ம் வருஷத்தில் இந்தியா இந்நோய் நீங்கிய தேசமாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. தண்ணீரைக் காப்பது உயிரைக் காப்பது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

பிறகு ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் வந்தன. பாறையைத் துளைக்கும் யந்திரங்கள் வந்த வேகத்தில் பம்புகள் நாடெங்கும் நடப்பட்டன. ஆனால் 1970-களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பகுதி உடைந்து கிடக்கக் காணப்பட்டது. வீட்டு உபயோகத்துக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்பு, ஊர் முழுவதும் இரவு பகலாக அடிப்பதைத் தாங்கவில்லை. ஆகையால் உறுதியான புதுப் பம்பொன்று வகுக்கப்பட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் சோதிக்கப்பட்டது. அதுவே இந்தியா மார்க் இரண்டு என்னும் பம்பு. சென்னையில் 1977-ம் வருஷம் முதல் அதைச் செய்தார்கள்.

பம்பு உறுதியானால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதும் அப்போதே உணரப்பட்டது. தமிழ்நாட்டில் யூனிசெப் துணையுடன் மூன்றடுக்கு ஏற்பாடொன்று வகுக்கப்பட்டது. கிராமத்தில் பம்புக் காவலர் ஒருவர். ஒன்றியத்தில் பிட்டர் ஒருவர். ஜில்லாவில் வண்டியுடன் பழுதுபார்க்கும் குழு. கிராமத்துக் காவலருக்குச் சில தினங்கள் பயிற்சி தரப்பட்டது. சங்கிலிக்கு மசகு இடுவதும், தளர்ந்த மரையை முடுக்குவதும், சுற்றிலும் சேறு தேங்காமல் பார்ப்பதும், பழுது வந்தால் தபால் அட்டை எழுதிப் போடுவதும் அவர் வேலைகள்.

இந்த ஏற்பாட்டின் நன்மையும் குறையும் இரண்டும் அறியத்தக்கவை. கிராமத்திலேயே பொறுப்புள்ள ஆள் இருந்தது நன்மை. ஆனால் கிணற்றுக்குள் இருக்கும் தோல்வாளி தேய்ந்துவிட்டால் குழாய் முழுவதையும் வெளியே தூக்கவேண்டும். அதற்கு ஜில்லா வண்டி வரவேண்டும். வரும்வரை ஊர் காத்திருக்கவேண்டும். இது குறை. 1983-ம் வருஷம் முதல் கோயம்புத்தூர்ப் பகுதியில் உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டம், யூனிசெப் ஆகியவை சேர்ந்து நடத்திய பரிசோதனையில் இந்தக் குறைக்குப் பரிகாரம் தேடப்பட்டது. தோலுக்குப் பதிலாக ரப்பர் வளையம் வைத்ததில் பழுது குறைந்தது. குழாயைத் தூக்காமலே உள்ளுறுப்பை மேலே எடுக்கும்படி மார்க் மூன்று என்னும் பம்பு அமைந்தது. தூரத்து நிபுணன் செய்யவேண்டியிருந்த வேலையை ஊர்க்காரர் சிலர் சில சாவிகளைக்கொண்டு செய்ய முடிந்தது. பழுதுபார்க்கும் அறிவு ஊருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் வரும் என்பதே அந்தப் பரிசோதனை காட்டிய பாடம்.

அதன்பின் மின்சார மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் பரவின. 1971-ம் வருஷத்தில் ஏற்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் காவேரித் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களாக உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்தது. 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊருக்குள் நீரை விநியோகிக்கும் பொறுப்பு கிராமப் பஞ்சாயத்தினுடையது. 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ம் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், தலைக்குத் தினம் 55 லிட்டர் என்று அளவு வைத்தது. புதிய வீட்டு இணைப்புகள் பல ஊர்களில் பழைய தொட்டியுடனும் பழைய பிரதானக் குழாயுடனுமே சேர்க்கப்பட்டன. கிழவனுடைய தோளில் இளைஞனுடைய சுமை ஏறியதுபோலாயிற்று.

சிப்பந்தியின் நிலைமை

கிராமத்துத் தொட்டியை நடத்துபவர் விடியுமுன் மோட்டாரைப் போடுகிறார், தெருவாரியாக வால்வைத் திறக்கிறார், தொட்டியைக் கழுவுகிறார், பிளீச்சிங் பவுடர் கலக்குகிறார், குழாய் உடைந்தால் குழி தோண்டுகிறார். தண்ணீர் வராவிட்டால் தெருவார் அவரை வைகிறார்கள். மின்சாரப் பில் ஏறினால் பஞ்சாயத்தார் அவரைக் கேட்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்கே தகும்.

அவர் இந்த வேலையை எங்கே கற்றார்? பெரும்பாலும் தமக்கு முன்னிருந்தவருடன் சில நாள் நடந்து கற்றார். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்த இடத்தில் குழாய் ரோட்டைக் கடக்கிறது, எந்த இணைப்பு பூமிக்குள் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருக்கின்றன. அவர் நோயாய்ப் படுத்தால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. அவர் காலஞ்சென்றால் ஊரின் குழாய் வரைபடமும் அவருடனே போய்விடுகிறது. சங்கத்தின் கடன் கணக்குகளைக் காரியதரிசியின் ஞாபகத்தில் மட்டும் வைத்திருக்க எந்த அங்கத்தினராவது சம்மதிப்பாரா? தண்ணீர்க் கணக்கை மட்டும் அப்படி விட்டுவைப்பது நியாயமாகுமா?

இந்தச் சமவெளியார் யந்திரத்தைப் பேணத் தெரியாதவர்கள் அல்லர். நாமக்கல் லாரி ஓட்டிகள் தேச முழுவதும் செல்கிறார்கள். எத்தனை மைலுக்கு எண்ணெய் மாற்றவேண்டும், டயரை எப்போது மாற்றவேண்டும் என்பதைக் குறித்து வைக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடதேசம் வரை சென்று பாறையைத் துளைக்கின்றன. சொந்த லாரிக்குள்ள கவனத்தில் கால் பங்கு ஊர்ப் பம்புக்குக் கிடைத்தாலும் பாதி பழுதுகள் வாரா.

தூர தேசத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

பயிற்சி இல்லாமையால் வரும் கேடு எவ்வளவு பெரிது என்பதற்குக் கனடா தேசத்து உதாரணம் ஒன்றைக் கூறலாம். ஒண்டேரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்பது சுமார் 5,000 ஜனங்கள் வசிக்கும் சிற்றூர். 2000-ம் வருஷம் மே மாதத்தில் பெருமழை பெய்து, மாட்டுச் சாணத்தில் இருந்த கிருமி ஆழமில்லாத கிணறு ஒன்றில் இறங்கிற்று. நீரில் போதிய குளோரின் இல்லை. 7 பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேர் நோய்வாய்ப்பட்டார்கள்.

விசாரணையில் வெளிவந்த செய்திதான் கவனிக்கத்தக்கது. அந்த ஊர்த் தண்ணீரை நடத்தியவர்கள் பல வருஷ அநுபவம் உடையவர்கள். வகுப்பும் பரீட்சையும் இன்றி, அநுபவத்தை மட்டும் வைத்து அவர்களுக்குச் சான்றிதழ் தரப்பட்டிருந்தது. தினந்தோறும் குளோரின் அளவைச் சோதிக்கவேண்டும். அவர்கள் சோதியாமலே ரிஜிஸ்தரில் எண்களை எழுதிவந்தார்கள். ஊருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. குளோரின் சேராத அதே நீரை அவர்களும் குடித்துவந்தார்கள். தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்பியதே அவர்கள் தவறு. அந்த நம்பிக்கையைத் திருத்துவதற்கு ஒருவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இதன் பிறகு அம்மாகாணத்தார் தண்ணீர்ச் சிப்பந்திகளுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2004-ம் வருஷத்தில் அதே ஊரில் பயிற்சிக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். சிறிய, ஒதுக்கமான, பழமையான குடிநீர் அமைப்புகளின் சிப்பந்திகளையே அது முக்கியமாகக் கவனிக்கிறது. செல்வம் மிகுந்த தேசத்திலே நடந்தது இது. எழுதுவதற்காக எழுதிய கணக்கு உயிரைக் குடிக்கும் என்பதைக் கணக்கின் அருமை தெரிந்த சங்கத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கற்பிக்க வேண்டியவை

முதலாவது, வரைபடம். சிப்பந்தியும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் எழுதத் தெரிந்த வாலிபர் ஒருவரும் சேர்ந்து ஊரைச் சுற்றிவரவேண்டும். கிணறு, மோட்டார் அறை, தொட்டி, வால்வு, குழாயின் திருப்பம் ஒவ்வொன்றையும் கோயில், பள்ளிக்கூடம், புளியமரம் முதலிய நிலையான அடையாளங்களிலிருந்து எத்தனை அடி என்று அளந்து காகிதத்தில் குறிக்கவேண்டும். குழாய் வார்ப்பிரும்பா, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டா, பி.வி.சி.யா, எந்த வருஷத்தில் புதைத்தது, எத்தனை முறை உடைந்தது என்பவற்றையும் எழுதவேண்டும். ஒரே இடத்தில் மூன்றாம் முறை உடைந்தால் அங்கே ஒட்டுப்போடுவதில் பிரயோஜனமில்லை. அந்தத் துண்டையே மாற்றவேண்டும் என்று வரைபடமே சொல்லிவிடும். வரைபடத்தின் பிரதிகளில் ஒன்று பஞ்சாயத்திலும் ஒன்று சங்கக் கட்டடத்திலும் இருத்தல் நலம்.

இரண்டாவது, அளவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. பூமிக்கு அடியில் ஒழுகும் நீர் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காண எளிய வழியொன்று உண்டு. இரவில் எல்லாரும் உறங்கியபின், மோட்டாரை நிறுத்தி, ஊருக்குச் செல்லும் வால்வைத் திறந்தபடியே வைத்து, வீட்டுக் குழாய்களை மூடச் சொல்லித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கோலால் அளக்கவேண்டும். 5 மணி நேரம் கழித்து மறுபடி அளக்கவேண்டும். தொட்டியின் உட்பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 1,000 லிட்டர் போயிற்று என்று பொருள். 15 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 5 மணியில் 1,500 லிட்டர். வால்வு நாள் முழுதும் திறந்திருந்தால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் வீதம் இது 130 பேருடைய பங்கு. அந்த நீரைத் தூக்கிய மின்சாரச் செலவும் அதனுடன் மண்ணில் போகிறது. பிறகு தெருவாரியாக வால்வை மூடி இதே சோதனையைச் செய்தால் ஒழுக்கு எந்தத் தெருவில் என்பது அகப்படும். வருஷத்துக்கு இருமுறை இதைச் செய்தால் போதும். கோலும் கடிகாரமும் தவிர வேறு சாதனம் வேண்டுவதில்லை.

மூன்றாவது, மோட்டார். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை விட்டுப்போனால் ஓடும் மோட்டார் எரிந்துபோகும். ஸ்டார்ட்டரில் உள்ள தற்காப்புச் சாதனத்தைக் கழற்றிவிட்டோ, பியூஸ் போனால் தடித்த கம்பியை வைத்தோ ஓட்டுவது, வாசற்காவலனை விரட்டிவிட்டுத் தூங்குவதற்குச் சமானம். ஆம்பியர் காட்டும் முள்ளைத் தினமும் பார்த்து எழுதச் சிப்பந்திக்குக் கற்பிக்கவேண்டும். வழக்கத்தைவிட முள் தாழ்ந்தால் கிணற்றில் நீர் இறங்கிப் பம்பு வறட்சியில் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். உயர்ந்தால் பேரிங் தேய்ந்ததோ, மணல் சிக்கியதோ, வோல்டேஜ் குறைந்ததோ என்று ஆராயலாம். தொட்டி நிரம்ப வழக்கமாக இரண்டு மணி ஆவது மூன்று மணியானால், பம்பு தேய்ந்ததென்றோ, கிணற்றில் நீர் குறைந்ததென்றோ, ஏறுகுழாய் ஒழுகுகிறதென்றோ கொள்ளவேண்டும். யந்திரம் நோயுறுமுன் நாடி காட்டுகிறது. பிடித்துப் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும்.

நான்காவது, வால்வு. பல ஊர்களில் வால்வைச் சேற்றுக் குழிக்குள் கிடக்கவிட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் அசையாத வால்வு அவசரத்தில் அசையாது. பலவந்தப்படுத்தினால் தண்டு முறியும். ஆகையால் வால்வு ஒவ்வொன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதும் மூடித் திறக்கவேண்டும். முழுதும் திறக்க எத்தனை சுற்று என்பதை எழுதி வைத்தால், பாதியில் நின்றுவிட்டதா என்று தெரியும். திறப்பதும் மூடுவதும் மெதுவாக நடக்கவேண்டும். சட்டென்று மூடினால் ஓடும் நீர் சம்மட்டிபோல் மோதி, பழைய குழாயின் மூட்டுகளைப் பிளந்துவிடும். குழாய் அடிக்கடி உடைகிறதென்று முறையிடும் ஊர்களில் வால்வை மூடும் முறையையும் கவனித்துப் பார்ப்பது நன்று.

ஐந்தாவது, குளோரின். பழைய குழாய்க்கு இது மிகவும் அவசியம். தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. அப்போது வெடிப்பு வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. சிலர் வீட்டு இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்; அவர்கள் அயலாரின் பங்கை மட்டுமன்றி அயலாரின் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகிறார்கள். டைபாய்டு, காமாலை, பேதி முதலியவை இவ்வழியில் வருகின்றன.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. மூட்டையைத் திறந்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் சத்து போய்விடும். நாலில் ஒரு பங்கு சத்துள்ள பவுடரானால் 1,000 லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம் என்பது கணக்கு. அதை வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டு, அரைமணி நேரமாவது கழித்தே ஊருக்குத் திறக்கவேண்டும். போட்டாயிற்று என்பதோடு வேலை முடியாது. கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பரிசோதனைப் பெட்டியால் பார்க்கவேண்டும். தொட்டிக்கருகில் இருந்து கடைக்கோடியில் இல்லையானால் நடுவே எங்கோ அழுக்கு நுழைகிறது என்று அறியலாம்.

ஆறாவது, சிப்பந்தியின் உயிர்க்காப்பு. நெடுநாள் மூடிய கிணற்றிலும் தரையடித் தொட்டியிலும் காற்று கெட்டிருக்கும்; தனியே இறங்கினவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்கினவனும் விழுவான். ஆகையால் காற்றோட்டமும், இடுப்பில் கயிறும், மேலே இரண்டு ஆட்களும் இன்றி இறங்கலாகாது. ஈரக்கையுடன் ஸ்டார்ட்டரைத் தொடலாகாது. பூமி இணைப்புக் கம்பி அறுந்திருக்கலாகாது. துருப்பிடித்த ஏணிமீது ஏறச் சொல்லும் பஞ்சாயத்து அவன் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லும்? தொட்டியின் தூண்களில் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிந்தால் அது மேற்பூச்சுப் பூசி மறைக்கும் விஷயமன்று. இஞ்சினீயரை அழைத்துக் காட்டும்வரை அதன்கீழ்க் குழந்தைகள் விளையாடலாகாது.

கற்பிக்கும் முறை

தொட்டி நடத்துபவரை நகரத்து மண்டபத்தில் உட்காரவைத்து, நாள் முழுதும் உபந்நியாசம் செய்து, சாப்பாடு போட்டு அனுப்புவதனால் பயன் கொஞ்சமே. கையால் செய்யும் வேலையைக் கையால்தான் கற்கமுடியும். பக்கத்துப் பக்கத்து ஐந்தாறு பஞ்சாயத்துகளின் சிப்பந்திகள் மாதம் ஒருமுறை ஓர் ஊரில் கூடி, அவ்வூர் அமைப்பைச் சுற்றிப் பார்த்து, அன்று ஒரே ஒரு பாடத்தை, அதாவது வால்வின் கயிற்றுப் பொதிவை மாற்றுவதையோ குளோரின் சோதனையையோ, தாமே செய்து பழகலாம். அடுத்த மாதம் வேறு ஊர். வாரியத்து இஞ்சினீயரும் ஒன்றிய உத்தியோகஸ்தரும் அதற்கு வந்து வழிகாட்டினால் போதும்.

தமிழ்நாட்டுக் குடிநீர் வாரியத்து இஞ்சினீயர்களே 2004-ம் வருஷத்தை ஒட்டிக் கூடம் என்னும் பெயரால், பதவி வேற்றுமையின்றிச் சுற்றி உட்கார்ந்து, கிராமத்தாருடன் கலந்து யோசிக்கும் வழக்கத்தை முயன்று பார்த்தார்கள். சிப்பந்திகளின் கூட்டத்துக்கும் அதே முறை தகும். வயதான சிப்பந்திக்கு எழுத வராமலிருக்கலாம். ஆனால் குழாயில் காது வைத்து ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் திறமை அவருக்குண்டு. இளையவருக்கு மீட்டர் படிக்கத் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகலாம்.

ஒவ்வொரு சிப்பந்திக்கும் துணையாள் ஒருவரையும் உடன் பழக்கவேண்டும். அத்துணையாள் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஜல் ஜீவன் திட்டத்திலேயே கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்காவது நீர்ப் பரிசோதனை கற்பிக்கும் ஏற்பாடு உண்டு. தண்ணீர் கெட்டால் முதலில் கஷ்டப்படுகிறவர்கள் பெண்கள். அவர்கள் சோதித்து எழுதும் கணக்கு பொய்க் கணக்காகாது.

தேய்மான நிதி

பயிற்சி பெற்ற சிப்பந்தியின் கையில் ஸ்பானரும் உதிரிப் பாகமும் இல்லாவிட்டால் பயிற்சி வீண். இங்கே கூட்டுறவு முறையின் அநுபவம் உதவிக்கு வருகிறது. சங்கத்தின் லாபத்திலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கு நிதிக்கு எடுத்துவைப்பதும், கட்டடத்துக்கும் சாமானுக்கும் தேய்மானம் கணக்கிடுவதும் அங்கத்தினர் அறிந்தவை. ஊர்ப் பம்புக்கும் அதே கணக்குத்தான்.

உதாரணமாக, மோட்டாரும் பம்பும் 60,000 ரூபாய் விலை, 10 வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மாதத்துக்கு 500 ரூபாய் தேய்கிறது. 250 வீடுள்ள ஊரில் இது வீட்டுக்கு மாதம் 2 ரூபாய். அதை மாதந்தோறும் ஒதுக்கிவந்தால் மோட்டார் எரிந்த அன்று எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. ஒதுக்காவிட்டால் சித்திரை வெயிலில் ஊர் முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கவேண்டும். அப்போது வீட்டுக்கு 2 ரூபாயில் முடியாது. குடிநீர்க் கட்டணம் கொடாதவரே குழாய் வராதபோது உரக்கக் கூவுவதும் பல ஊர்களில் காணும் காட்சி. கடன் தவணையை ஒழுங்காகக் கட்டும் சங்க அங்கத்தினர் தண்ணீர்க் கட்டணத்திலும் ஊருக்கு வழிகாட்டவேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

சங்கம் பஞ்சாயத்தின் வேலையை மேற்கொள்ள வேண்டும் என்பதன்று. ஆனால் சங்க அங்கத்தினரே கிராம சபையின் அங்கத்தினரும் ஆவர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடும் கிராம சபையில் அவர்கள் கேட்கத்தக்க கேள்விகள் ஐந்து: குழாய் வரைபடம் எழுதப்பட்டதா? கடைசியாக இரவு அளவு எடுத்தது எப்போது? கடைக்கோடிக் குழாயில் குளோரின் சோதித்த கணக்கு எங்கே? சிப்பந்திக்கும் துணையாளுக்கும் இவ்வருஷம் என்ன பயிற்சி தரப்பட்டது? பம்பு மாற்ற எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

இந்த ஐந்து கேள்விகளை வருஷந்தோறும் பிடிவாதமாகவும் மரியாதையாகவும் கேட்கும் ஊரில் தண்ணீர் கெடுவது அரிது. சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து பரிசோதனைப் பெட்டியோ ஸ்பானர்ப் பெட்டியோ வாங்கிக் கொடுக்க நிர்வாகக் கமிட்டியார் ஆலோசிக்கலாம். பொதுக்குழு கூடும் தினத்தில் சிப்பந்தியை அழைத்து, அவர் ரிஜிஸ்தரைப் படித்துக் காட்டச் செய்து, நன்றாகச் செய்திருந்தால் சபையில் பாராட்டலாம். வசவை மட்டுமே கேட்டுப் பழகிய ஊழியனுக்கு அப்பாராட்டு சிறிய சன்மானமன்று. அவர் சம்பளம் காலத்தில் கிடைக்கிறதா என்பதையும் அன்றே விசாரித்தல் தகும். வயிறு காய்ந்தவனிடம் மசகு இட மறந்தாய் என்று குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

புதுத் தொட்டிக்குத் திறப்பு விழா உண்டு. மாலையும் மேளமும் உண்டு. பழந்தொட்டியைக் காப்பதற்கு விழா இல்லை. கோலும், ரிஜிஸ்தரும், மசகு டப்பாவும், விடியுமுன் எழும் ஓர் ஊழியனுமே அதற்கு உண்டு. அந்த ஊழியனுக்கு அறிவைக் கொடுப்பது ஊருக்கு ஆயுளைக் கொடுப்பதாகும். வருகிற கிராம சபைக்குமுன், ஒவ்வொரு சங்கத்திலும் இரண்டு அங்கத்தினராவது தங்கள் ஊர்ச் சிப்பந்தியுடன் ஒரு காலைப்பொழுது நடந்து, வால்வுகளை எண்ணி எழுதத் தொடங்குவார்களாக.